பெரியப்பாவிடம் கேட்ட கேள்வி

வழக்கமா இந்த மைக்குக்கு முன்னாடி ரெண்டு பேர் உக்காந்து பேசுவோம். இன்னைக்கு நான் மட்டும்தான். இதைப் பேசும்போது எதிர்ல யாராவது இருந்தா நடுவில் ஒரு ஜோக் அடிச்சுத் தப்பிச்சிடுவேன்னு எனக்கே தெரியும். அதனால தனியா.

சாமி இருக்குங்கறவங்களும் இல்லைங்கறவங்களும் பேச ஆரம்பிச்சா ஏன் பத்தாவது நிமிஷத்தில் சட்டையைப் பிடிக்கிறோம்? இதைப் பத்திப் பேசச் சொல்லி நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. நான் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். ஏன்னா எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் ஒண்ணுதான். அதில் சட்டையைப் பிடிச்ச ஆள் நான்.

எங்க ஊர் கோவில்பட்டியில் இருந்து எட்டயபுரம் போற பாதையில் இறங்கி உள்ளே போகணும். ஊர்ப் பேர் வேண்டாம். கோவில்பட்டின்னா உங்களுக்குக் கடலை மிட்டாய் ஞாபகம் வரும், சிலருக்குத் தீப்பெட்டி, இன்னும் சிலருக்கு ஹாக்கி. எங்களுக்கு அது கரிசல். மழை பெஞ்சா செருப்போட சேர்த்துக் காலைப் பிடிச்சுக்கிற கறுப்பு மண். காஞ்சா பாளம் பாளமா வெடிக்கும், வெடிப்புக்குள்ள முழங்கை வரைக்கும் போகும். ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. எல்லாம் மானாவாரி. உளுந்து, பாசி, பருத்தி, இப்போ மக்காச்சோளம். மழைக்கு முன்னாடியே காஞ்ச புழுதியில் விதையைப் போட்டுட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. புழுதி விதைப்புன்னு பேர். ஒரு ஏக்கருக்கு ஆகுற விதைக்காசை இப்படித் தூசியில் கொட்டிட்டுக் காத்திருக்கிறவன் சாமியை நம்புறதில் எனக்கு இன்னைக்கு ஆச்சரியம் இல்லை. அன்னைக்கு இருந்துச்சு.

அன்னைக்குன்னா 2016 கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை அந்த வருஷம் தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் அரசாங்கம் எல்லா மாவட்டத்தையும் வறட்சி பாதிச்ச மாவட்டமா அறிவிச்சது. நான் சென்னையில் மூணாவது வருஷ இன்ஜினியரிங். முதல் வருஷம் ஹாஸ்டல்ல ஒரு சீனியர் பெரியாரோட கட்டுரைத் தொகுப்பு குடுத்தார். ரெண்டாவது வருஷம் முழுக்க வெள்ளைக்கார நாத்திகர்கள் மேடையில் பாதிரியார்களை மடக்குற வீடியோ. மூணாவது வருஷம் நான் ரெடி. யாரையாவது மடக்கணும். அதுக்கு ஒரு பாதிரியார் வேணும், கிடைக்கலை. பெரியப்பா கிடைச்சார்.

ஊர்ல அப்போ மழைச்சோறு எடுத்தாங்க. தெரியாதவங்களுக்குச் சொல்றேன். மழை பொய்ச்சா பொம்பளைங்க வீடு வீடாப் போய்ச் சோறு வாங்கி, ஒண்ணாக் கலந்து, மந்தையில் வெச்சு எல்லாரும் சாப்பிடுவாங்க. ஒப்பாரி வைப்பாங்க. மழையே, நீ இப்படிச் செஞ்சா நாங்க ஊரைக் காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதான்னு. சில ஊர்ல கொடும்பாவியும் உண்டு. வைக்கோல்ல ஒரு பாவி உருவம் செஞ்சு தெருத்தெருவா இழுத்துட்டுப் போவாங்க. ஊர்ல யாரோ ஒரு பாவி இருக்கான், அவனாலதான் மழை இல்லைன்னு கணக்கு. அந்தப் பாவி யாருன்னு பேர் சொல்றதில்லைங்கிறது எனக்கு இப்போ ரொம்ப நாகரிகமாத் தெரியுது.

பெரியம்மா என் கையில் ஒரு உருண்டை வெச்சாங்க. நான் வாங்கலை. பெரியப்பாவைப் பாத்து, "மேகத்துக்கு மூக்கு இருக்கா பெரியப்பா, சோத்து வாசனை பிடிச்சு வாரதுக்கு?"ன்னு கேட்டேன். சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. அவரும் சிரிச்சார். "படிச்ச பய பேசுதான், பேசட்டும்"னார். அதோட விட்டிருக்கலாம். நான் விடலை. நீராவி, காற்றழுத்தம், எல் நினோன்னு ஒரு அஞ்சு நிமிஷம் கிளாஸ் எடுத்தேன். அந்த மழைக்காலத்தில் எல் நினோவே இல்லைன்னு பின்னாடிதான் படிச்சேன், அது வேற கதை. அவருக்குச் சுள்ளுன்னு ஏறிடுச்சு. "நம்பிக்கை இல்லாத பயலுவ நாலு பேரு ஊருக்குள்ள இருந்தா மழை எங்கிட்டுப் பெய்யும்?"னார். இப்போ சுத்தி இருந்தவங்க அவர் பக்கம் சிரிச்சாங்க.

அந்தச் சிரிப்புதான். இன்னைக்கு வரைக்கும் அது காதுல இருக்கு. நான் சொன்னேன்: "அண்ணன் நாலுவழிச் சாலையில கிடந்தப்போ உங்க சாமி எங்க போச்சு? அன்னைக்கும் அதுக்குச் சோறு பத்தலையா?"

பெரியப்பாவோட ஒரே மகன் 2013-ல பைக் விபத்தில் இறந்தான். இருபத்திரண்டு வயசு. எனக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக் குடுத்தவன்.

யாரும் எதுவும் பேசலை. பெரியம்மா கையில் அந்தச் சோத்து உருண்டை அப்படியே இருந்துச்சு. பெரியப்பா தோள் துண்டை எடுத்து, சாப்பிடாத கையை ஏன் துடைக்கிறோம்னு தெரியாமலே துடைச்சார். எழுந்து போய்ட்டார். அடுத்த ஏழு வருஷம் அவர் என்கிட்டப் பேசலை.

அன்னைக்கு ராத்திரி நான் ஹாஸ்டல் நண்பர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "மாஸ்"னு பதில் வந்துச்சு. மூணு பேர்கிட்ட இருந்து.

தர்க்கப்படி அந்தக் கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. எல்லாம் வல்ல நல்ல சாமி இருந்தா இருபத்திரண்டு வயசுப் பையன் ஏன் சாகணும்? உலகத்தில் எல்லா மதத்துக்காரங்களும் இதுக்குப் பதில் தேடிப் பெரிய பெரிய புத்தகம் எழுதியிருக்காங்க. கேள்வி நல்ல கேள்வி. நான் அதைக் கேட்டது பதிலுக்காக இல்லைங்கிறதுதான் விஷயம். கீழே கிடந்த கல்லை எடுக்கிற மாதிரி எடுத்தேன்.

மணிமேகலையில் ஒரு இடம் இருக்கு. அவள் வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயவாதியாப் போய்க் கேட்டுக்கிட்டு வருவாள். கடைசியா பூதவாதி. கண்ணால பாத்ததுதான் உண்மை, மத்ததெல்லாம் கிடையாதுங்கிற ஆள். அப்போ உன் அப்பா அம்மா யாருன்னு உனக்கு எப்படித் தெரியும்னு மடக்கிடுவாள். நம்மூர்ல அன்னைக்கே விவாதம் கடைசியில் அப்பன் ஆத்தாள்கிட்டதான் போய் முடிஞ்சிருக்கு. ஆனா ஒரு வித்தியாசம், அவள் அதுக்கு முன்னாடி அத்தனை பேரையும் உக்காந்து கேட்டிருந்தாள்.

சரி, என் தரப்பையும் சொல்லணும். எனக்கு அன்னைக்கு இருந்த கோபம் வெறும் வீடியோ பாத்து வந்த கோபம் மட்டும் இல்லை.

எங்க ஊர் அம்மன் கோயில் கொடைக்கு வரி உண்டு. தலைக்கட்டு வரி. கல்யாணமான ஆம்பளை ஒரு தலைக்கட்டு. வருஷா வருஷம் ஊர்க்கூட்டம் போட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு முடிவு பண்ணி நோட்டுல எழுதுவாங்க. அந்த நோட்டை வெச்சிருந்தவர் பெரியப்பா. வரி குடுத்தா நீ ஊர்க்காரன். உன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் வரும். குடுக்கலைன்னா வராது. அவ்வளவுதான் சட்டம். நீ உள்ளுக்குள்ள சாமியை நம்புறியா இல்லையான்னு யாரும் கேக்குறதில்லை.

இதுக்கு நல்ல உதாரணம் எங்க ஊர் டீக்கடைத் தாத்தா. சிவப்புத் துண்டு. கோவில்பட்டி கம்யூனிஸ்ட் கட்சிக்காரங்களைத் திரும்பத் திரும்பச் சட்டமன்றத்துக்கு அனுப்பின தொகுதி, தெரியும்ல? பக்கத்து இடைசெவல்ல கி.ரா.வே அந்த இயக்கத்தில் இருந்தவர்தான். அவர் கரிசல் காட்டுக் கதைகளைத் தேடித் தேடிச் சேர்த்தப்போ அதில் சாமி கதை வந்தா வேண்டாம்னு ஒதுக்கலை. நம்ம டீக்கடைத் தாத்தா கோயிலுக்குள்ள கால் வெச்சு நாப்பது வருஷம் இருக்கும். ஆனா வரியை முதல் ஆளாக் குடுப்பார். கொடை அன்னதானத்துக்கு அரிசி பருப்பு கணக்கு அவர்தான். அவர்கிட்ட யாரும் சண்டைக்குப் போனதே இல்லை.

அதே ஊர்ல இன்னொரு குடும்பம். அவங்க சபைக்குப் போக ஆரம்பிச்சாங்க. அவங்க நாத்திகர் இல்லை, எங்க எல்லாரையும்விட அதிகமாக் கும்பிடுறவங்க. ஆனா கோயில் வரி குடுக்க மாட்டோம்னுட்டாங்க. 2014-ல அந்த வீட்டுப் பாட்டி இறந்தப்போ ஊர் போகலை. எங்க தெருவில் ஒரு கதவு திறக்கலை. வெளியூர்ல இருந்து சபைக்காரங்க வேன்ல வந்து எடுத்துட்டுப் போனாங்க. நான் ஜன்னல் வழியாப் பாத்தேன். எங்க அப்பாவும் போகலை. நோட்டு வெச்சிருந்த பெரியப்பாவும் போகலை.

நம்பாத டீக்கடைத் தாத்தாவுக்கு மாலை. நம்புற குடும்பத்துக்குப் பூட்டின கதவு. அப்போ இங்க கேள்வி சாமி இருக்கா இல்லையாங்கிறதே இல்லை.

அன்னைக்கு மந்தையில் நான் பெரியப்பாகிட்ட இதைக் கேட்டிருக்கலாம். "அந்தப் பாட்டி சாவுக்கு ஏன் போகலை?" அதுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் அவர்தான். அது நியாயமான கேள்வி, ஊருக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி. ஆனா அதைக் கேட்டா ஊரே எனக்கு எதிரா நிக்கும், எங்க அப்பாவும் சேர்த்து. மகன் செத்த கேள்வியைக் கேட்டா ஒரு ஆள் மட்டும்தான் அடிபடுவார். இந்தக் கணக்கை நான் மூளையில் போட்டுப் பாத்தேன்னு சொல்ல மாட்டேன். ஆனா என் வாய் போட்டிருக்கு.

இங்க கொஞ்சம் ஊரை விட்டு வெளியே வரேன்.

1953 மே 27. புத்தர் பிறந்த நாள். திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் பெரியார் களிமண் பிள்ளையாரைப் போட்டு உடைச்சார். இது எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம் கோர்ட்டில் நடந்தது அவ்வளவாத் தெரியாது, எனக்கு அதுதான் ரொம்பச் சுவாரசியம். ஒருத்தர் வழக்குப் போட்டார். இந்திய தண்டனைச் சட்டம் 295, 295ஏ. இந்த 295ஏ பிரிவுக்கே ஒரு கதை இருக்கு. 1920-களில் லாகூர்ல நபிகளைப் பத்தி வெளியான ஒரு புத்தகத்தால பெரிய கொந்தளிப்பு. 1927-ல இந்தப் பிரிவைக் கொண்டு வந்தாங்க. அந்தப் புத்தகத்தைப் பதிப்பிச்சவரை 1929-ல குத்திக் கொன்னுட்டாங்க.

திருச்சி வழக்குக்கு வர்றேன். கீழ் கோர்ட்டுகளும் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னதன் சாரம் இதுதான்: அது அவரோட சொந்த மண் பொம்மை. கோயில்ல பிரதிஷ்டை பண்ணின சிலை இல்லை. யாரும் கும்பிடாத பொம்மையை உடைச்சா அது புனிதப் பொருளைச் சேதப்படுத்தினதா ஆகாது. வழக்கு தள்ளுபடி. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1958 ஆகஸ்டில் தீர்ப்பு. கீழ் கோர்ட்டுகள் ரொம்பக் குறுக்கலாப் பாத்துட்டாங்கன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. எவ்வளவு அற்பமான பொருளா இருந்தாலும், பிரதிஷ்டை பண்ணாததா இருந்தாலும், ஒரு கூட்டம் மக்கள் அதைப் புனிதமா நினைச்சா சட்டம் அதைப் பாதுகாக்கும்; நீதிபதிக்கு அந்த நம்பிக்கை இருக்கா இல்லையாங்கிறது முக்கியம் இல்லை, மக்களோட உணர்வை அவர் மதிக்கணும்னு. ஆனா கடைசியில், சம்பவம் நடந்து அஞ்சு வருஷம் ஆச்சு, விஷயம் பழசாயிடுச்சு, இனிமே விசாரணைக்கு உத்தரவிட வேண்டாம்னு மேல்முறையீட்டைத் தள்ளிட்டாங்க. ரெண்டு பக்கமும் ஜெயிச்சோம்னு சொல்லிக்கலாம்.

இந்தத் தீர்ப்பைப் படிச்சப்போ எனக்கு எங்க ஊர்ப் பக்கம் மண் குதிரை செய்யற வேளார் ஞாபகம் வந்தார். அய்யனார் கோயிலுக்குக் குதிரை செய்வார். செய்யும்போது அது மண்ணுதான். மிதிப்பார், அடிப்பார், கோணலா வந்தா பிசைஞ்சு மறுபடி உருட்டுவார். கடைசியா கண் திறந்தப்புறம்தான் சாமி. திருவிழா முடிஞ்சா அந்தக் குதிரை வெயில்லயும் மழையிலயும் நின்னு காது உதிரும், கால் உதிரும், கரைஞ்சு மறுபடி மண்ணாகும். யாரும் அழ மாட்டாங்க. மஞ்சள்ல, சாணியில் பிடிச்ச பிள்ளையாரை நம்ம அம்மாக்களே பூஜை முடிஞ்சதும் தண்ணியில் கரைச்சு விடுறாங்க.

அப்போ சாமி உடையறது நம்ம மக்களுக்குப் புதுசு இல்லை. திருச்சியில் வலிச்சது மண் உடைஞ்சதால இல்லைன்னு நினைக்கிறேன். உடைச்சவர் அதன் மூலமா யாரைப் பாத்துப் பேசினார்ங்கிறதாலதான். பெரியார் அந்த வலியைத் தெரிஞ்சேதான் உண்டாக்கினார். ஒளிச்சு மறைச்சு இல்லை, தேதி அறிவிச்சு, மைதானத்தில் நின்னு.

அந்தக் கோபம் வானத்தில் இருந்து குதிச்சதும் இல்லை. எங்க கரிசல் பக்கமே பாருங்க. கழுகுமலையில் 1895-ல தேர் எந்தத் தெரு வழியாப் போகணும்ங்கிற தகராறு கலவரமா முடிஞ்சு உயிர் போச்சு. 1897-ல கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள்ள நாடார்கள் நுழைஞ்சாங்கன்னு ராமநாதபுரம் ராஜா வழக்குப் போட்டார். லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1908-ல நாடார்களுக்கு எதிராத் தீர்ப்பு வந்துச்சு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ள, வைத்தியநாத ஐயரோட தலித்துகளும் நாடார்களும் போனது 1939 ஜூலையில். வாசல்ல நிறுத்தி வெச்ச சாமி மேல கோபம் வராம என்ன வரும்? இதைச் சொல்லாம "ஏன் நாத்திகர்கள் இவ்வளவு கோபப்படுறாங்க, அமைதியாப் பேசக் கூடாதா"ன்னு கேக்குறவங்ககிட்ட எனக்குப் பொறுமை கிடையாது.

இன்னொண்ணும் சொல்லணும். பெரிய அளவுல கணக்குப் போட்டா ஆபத்து ரெண்டு பக்கமும் சமம் இல்லை. 2013-ல புனேயில் நரேந்திர தபோல்கரைக் காலை நடைக்குப் போனப்போ சுட்டுக் கொன்னாங்க. 2015-ல கோலாப்பூர்ல கோவிந்த் பன்சாரே. நம்ம கோயம்புத்தூர்லயே, 2017 மார்ச்ல, முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து நாத்திகரான 31 வயசு இளைஞரை வெட்டிக் கொன்னாங்க. கடவுள் இல்லைன்னு சொன்னதுக்காக. நான் மந்தையில் அந்தக் கேள்வியைக் கேட்டு நாலு மாசம்தான் ஆகியிருந்துச்சு அப்போ. அந்தச் செய்தியைப் படிச்சு, பாத்தியா இவங்க எப்பேர்ப்பட்டவங்கன்னு நான் என் மனசாட்சிக்கு ஒரு பூட்டுப் போட்டுக்கிட்டேன். அவரைக் கொன்னதுக்கும் எங்க பெரியப்பாவுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனா எனக்கு அப்போ தேவைப்பட்டுச்சு.

எல்லாச் சண்டையும் இப்படித்தான் முடியும்னு இல்லை. குன்றக்குடி அடிகளாரை எடுத்துக்கோங்க. 1950-களில் பெரியாரோட பிரச்சாரத்துக்கு எதிர் மேடை போடணும்னே அருள்நெறித் திருக்கூட்டத்தை வெச்சு ஊர் ஊராப் போனவர். ரெண்டு பேரும் மேடையில் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக் குடுக்கலை. அப்புறம் நேர்ல சந்திச்சாங்க. பழகினாங்க. குன்றக்குடிக்குப் போன பெரியாருக்கு மடத்தில் மரியாதை செஞ்சு நெத்தியில் விபூதி வெச்சாங்க, அவர் தடுக்கலைன்னு ஒரு கதை எல்லா மேடையிலும் சொல்லுவாங்க. எனக்கு அந்த விபூதிக் கதை அவ்வளவா ஈர்ப்பு இல்லை. அது ரொம்ப அழகா இருக்கு. எனக்குப் பிடிச்சது வேற. ரெண்டு பேரும் கடவுள் விஷயத்தில் ஒரு அங்குலம் நகரலை. அவர் கடைசி வரைக்கும் மடாதிபதி, இவர் கடைசி வரைக்கும் கடவுள் மறுப்பாளர். ஆனா சாதி, தமிழ்னு வந்தா ஒரே பக்கம் நின்னாங்க. 1982-ல மண்டைக்காட்டில் இந்து, கிறிஸ்தவர் கலவரம் நடந்தப்போ அமைதிக்காக நேரா அங்க போய் நின்னவர் அடிகளார். அவர் ரொம்ப காலமா எதிர்த்தரப்போட உக்காந்து பழகின ஆள்.

எனக்குப் பழகின ஆள் ஒருத்தர் இருந்தார். அவரோட நான் ஏழு வருஷம் பேசாம இருந்தேன்.

2023 டிசம்பர் 17, 18. தென் மாவட்ட மழை ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். எங்க பக்கமும் கொட்டித் தீர்த்துச்சு. கண்மாய்கள் உடைஞ்சு தண்ணி காட்டுக்குள்ள ஏறிடுச்சு. கரிசல்ல தண்ணி நின்னா லேசுல வடியாது. உளுந்தும் பாசியும் வேரோட அழுகிப் போச்சு. ரயிலும் பஸ்ஸும் சரியானதும் நான் ஊருக்குப் போனேன். வெப்பாறை வரைக்கும் சேறு. பெரியப்பா காட்டு வரப்பில் நின்னுக்கிட்டிருந்தார். மக்காச்சோளத்தட்டை சாஞ்சு கிடந்துச்சு. கதிரைப் பிரிச்சுப் பாத்தேன், முளை விட்டிருந்துச்சு.

பக்கத்தில் போய் நின்னேன். என்ன பேசறதுன்னு தெரியலை. அவர்தான் பேசினார். திரும்பிப் பாக்காம.

"என்னய்யா, இன்னைக்குக் கேக்கலியா?"

"என்ன பெரியப்பா?"

"அன்னைக்குச் சோறு பத்தலையான்னு கேட்டியே. இன்னைக்கு அதிகமாயிட்டோன்னு கேளு."

நான் அழுதேன். அவர் அழலை. கொஞ்ச நேரம் கழிச்சு அவர் சொன்னதை என்னால முடிஞ்ச வரைக்கும் அவர் வார்த்தையிலயே சொல்றேன். "நீ கேட்டதை நான் அவனை எடுத்துப் போட்ட அன்னையில இருந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். கோயிலுக்குப் போயி நின்னா அதைத்தான் கேப்பேன். வேற என்னத்தக் கேக்க? கேள்வி ஒண்ணும் ஒசந்தது இல்ல. உங்க பெரியம்மா கையில சோறு வெச்சுக்கிட்டு நின்னா பாரு, அவ முன்னாடி கேட்டியே, அதுதான்."

நான் அதுவரைக்கும் பெரியம்மாவைப் பத்தி யோசிச்சதே இல்லை. ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. என் மனசுல அந்தச் சண்டை ரெண்டு ஆம்பளைங்களுக்கு நடுவுல நடந்தது.

மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு, காபி குடிக்க வா"ன்னார். பெரியம்மாகிட்டயும் கேட்டேன். அவங்க "எப்பக் கேட்ட, எனக்கு ஞாபகமே இல்லியே"ன்னாங்க. பொய்.

கதை இங்க முடிஞ்சா நல்லா இருக்கும், இல்லையா? அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டு முடிச்சு, திண்ணையில் உக்காந்திருந்தப்போ, நான் அந்த இன்னொரு கேள்வியைக் கேட்டேன். பாட்டி சாவு. ஏன் போகலை?

அவர் முகம் மாறிடுச்சு. "அது ஊர்க் கட்டுப்பாடு. உனக்குத் தெரியாது."

"நீங்கதான நோட்டு வெச்சிருந்தீங்க?"

"நோட்டு வெச்சிருந்தா? நான் ஒருத்தன் போனா மறுநா என் வீட்டுக்கு எவன் வருவான்?"

"அண்ணனுக்கு ஊரே வந்துச்சுல்ல. அவங்களும் வந்தாங்க. அப்போ அவங்க சபைக்குப் போக ஆரம்பிச்சிட்டாங்க. வந்து தூக்கினாங்க."

இதை நான் கல்லா எறியலை. தாழ்ந்த குரல்ல, அவரும் நானும் மட்டும் இருக்கும்போது, நிஜமாவே பதில் வேணும்னு கேட்டேன். அதனால அவருக்குக் கோபம் வராம இருந்துச்சான்னா, இல்லை, 2016-ஐ விட அதிகமா வந்துச்சு. செம்பை எடுத்து முற்றத்தில் எறிஞ்சார். படிச்சிட்டா பெரிய இவனான்னார். நானும் குரலை உயர்த்தினேன். பெரியம்மா உள்ளேயிருந்து வந்து ரெண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாங்க, ஊரே முழிச்சுக்கும்னு. ஆனா ஒரு வித்தியாசம். இந்தத் தடவை அவர் எழுந்து போகலை. அரை மணி நேரம் கழிச்சு, "குளிருது, போர்வை எடுத்துக்க"ன்னார். காலையில் ரெண்டு பேரும் சேர்ந்து கண்மாய்க்கரை பாக்கப் போனோம். அதைப் பத்திப் பேசலை.

கோபமே படாம பேசக் கத்துக்கணும்னு யாராவது சொன்னா எனக்கு நம்பிக்கை இல்லை, என்னால முடியாது, எங்க குடும்பத்தில் யாராலயும் முடியாது. அன்னைக்கு எனக்குக் கோபம் வந்தது தப்புன்னுகூட நான் நினைக்கலை. அந்தப் பாட்டியோட வேன் தெருவைத் தாண்டினப்போ கோபம் வராம இருந்திருந்தாத்தான் தப்பு. அந்தக் கோபத்தை எடுத்துட்டுப் போய் நான் எங்க இறக்கி வெச்சேன் பாருங்க, அதுதான் இன்னும் தூங்க விடலை.

இப்போ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பேசுறோம். எனக்குப் போன வருஷம் கல்யாணம் ஆச்சு. அதனால இந்தச் சித்திரையில் கொடைக்கு நோட்டுப் போடும்போது கேட்டார்.

"இப்ப நீயும் ஒரு தலைக்கட்டுல்ல. பேரை எழுதவா?"

"வேண்டாம் பெரியப்பா. எனக்கு நம்பிக்கை இல்லை, உங்களுக்குத் தெரியும்."

"நம்பிக்கையை யாரு கேட்டா? வரியைக் கேக்கேன்."

"அதனாலதான் வேண்டாம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னாடி டிவியில் ஏதோ சீரியல் ஓடுறது கேட்டுச்சு. "சரி. எழுதல. ஆனா பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்துரு. சாப்பாட்டுக்கு எவனும் நோட்டைப் பாக்க மாட்டான்"னார்.

"அந்த வீட்டுக்காரங்களையும் சாப்பிடக் கூப்பிடுவீங்களா?"

"வைக்கேன்"னு சொல்லிட்டு வெச்சிட்டார்.

அது போன ஞாயித்துக்கிழமை. நான் இதை ரெக்கார்ட் பண்ணும்போது வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொண்ணு ஆகுது. நாளன்னைக்கு மறுபடி போன் போடணும்.